எந்தப் பாத்திரத்திலும் இல்லாத சுரம்

கோயிலில் சாயந்தர மூவேளை செப மணி அடித்து ஓய்ந்து, நன்றாக இருட்டி, வலம்புரித்துறையின் சந்தியாகப்பர் தெருவில் செபமாலை முடித்தவர்கள் கஞ்சிக்கும் முடிக்காதவர்கள் ஐந்தாம் தேவ இரகசியத்துக்கும் வந்து சேர்ந்திருந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் முதல்தடவை கேட்டது. ஒரு ஆம்பிளை உதட்டை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே இழுக்கிற மாதிரி, "ம்ம்ம்" என்று, ஏறாமல் இறங்காமல், தாழ்ந்த ஒரே சுரத்தில், மூன்று 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிக்கிற நேரம் அது நின்றது; பிறகு போய்விட்டது. ஆறு மாதப் பிள்ளை இனிகாவைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா தட்டுவதை நிறுத்தினாள், ஏனென்றால் அது அவள் புருஷன் கஸ்பாரின் சத்தம், கஸ்பாரோ எட்டு மாதத்துக்கு முன்னால் கணவாய் பிடிக்கத் தனியாக வள்ளத்தில் போனவன், நாலாம் நாள் வள்ளம் மட்டும் திரும்பி வந்தது, சோற்றுத் தூக்குகூட மூடி திறக்காமல் உள்ளே இருந்தது.

அவனுக்குப் பாட்டு வராது. அந்த ஒரு சுரம்தான் வரும், அதுவும் அவளுக்காகத்தான். ஏழு வருஷம் கான்வென்ட் விடுதியில் படித்து, விளக்கணைக்கும் மணிக்கும் எழுப்பும் மணிக்கும் நடுவே முப்பது பெண்களின் மூச்சைக் கேட்டுத் தூங்கிப் பழகியவள், கல்யாணமாகி வந்த வீட்டில் தனியாகப் படுக்க நேர்ந்ததும் பல்லிக்குப் பயந்தாள், மின்சாரம் போனால் பயந்தாள், யாராவது கதவைத் திடீரென்று தட்டினால் கையிலிருக்கிறதைக் கீழே போட்டாள். மூன்று தட்டு உடைந்த பிறகு, கடலிலிருந்து விடியுமுன்னே வீடு திரும்பும் கஸ்பார் தெருமுனையிலேயே அந்த "ம்ம்ம்"-ஐ ஆரம்பித்து வாசல்வரை இழுத்துக்கொண்டே வருவான். "நாந்தான், பேயில்ல" என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ரெஜினாக்கா, தெருவுக்கே இட்லி அவித்து விற்கிறவள், மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏட்டி ஜெசிந்தா, ராத்திரி ஒம் மாப்பிள எங்க இட்லிக் கொப்பரைக்குள்ள இருந்துல்லா மொனங்குனான். எறக்கி வச்சிருந்த கொப்பரை, அடுப்புகூட இல்ல. தொட்டுப் பாக்கேன், விறுவிறுன்னு நடுங்குது."

"எங்க வீட்ல சீர்க் குடம் நடுங்குச்சுக்கா."

"அப்படியா? நல்லதாப் போச்சு. எங்க வீட்லதான் இருக்கான்னு நீ சண்டைக்கு வருவியோன்னு பாத்தேன்."

அன்று பொழுதடையுமுன்னே தெரிந்துவிட்டது, பத்தொன்பது வீட்டிலும் ஒவ்வொரு பாத்திரம் அந்த நேரத்தில் தானாக முனகியிருக்கிறது: ஒரு வீட்டில் தவலை, ஒரு வீட்டில் தோண்டி, ஒரு வீட்டில் தண்ணீர் மோக்கிற செம்பு, கோயிலில் ஞானஸ்நானத்துக்கு வைத்திருக்கும் வெண்கலக் கிண்ணம். தெரு ஆச்சரியப்பட்டதா என்றால், இல்லை, ஆச்சரியப்பட அந்தத் தெருவுக்கு நேரமில்லை. மீன் ஏலம் விடுகிறவர் ராத்திரி கேட்ட சுரத்திலேயே காலையில் ஏலம் கூவினார், தொண்டை கட்டவில்லை என்று சந்தோஷப்பட்டார். கோயில்பிள்ளை சலேத், பூசைக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவர், பாடகர் குழு பத்து வருஷமாக அரைச் சுரம் தாழ்த்திப் பாடிக்கொண்டிருந்ததை அந்த முனகலை வைத்துக் கண்டுபிடித்துத் திருத்தினார். சத்தம் தினமும் வர ஆரம்பித்ததால், அந்த நேரத்தில் யாரும் மிக்ஸி போடக்கூடாது, பாத்திரம் விளக்கக்கூடாது, பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று ஊர்க்கமிட்டி சொல்லாமலே வழக்கமாயிற்று. சாமியாரிடம் போய்க் கேட்டதற்கு, "ஆண்டவர் செஞ்ச புதுமைன்னும் சொல்லமாட்டேன், புதுமை இல்லன்னும் சொல்லமாட்டேன், பாத்திரத்துக்கு மெழுகுவர்த்தி கொளுத்தாம இருங்க, போதும்" என்றார். பாத்திர வியாபாரி ஒருத்தன் சைக்கிளில் வந்து, ஒவ்வொரு குடத்தையும் சுண்டிக் காட்டி, முனகுகிற குடம் என்று விற்றுப் பார்த்தான். எதுவும் முனகவில்லை, ரெஜினாக்கா அவனுக்கு நாலு இட்லி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

ஆனால் ஒரு காரியத்தில் மட்டும் தெரு கறாராக இருந்தது, அது ஜெசிந்தாவின் கதவு.

சந்தியாகப்பர் தெருவில் ராத்திரி கதவடைக்க ஒரு முறை உண்டு. கடைசியாகப் படுக்கப் போகிற பொம்பிளை உள்தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, "எல்லாரும் உள்ள வந்தாச்சா?" என்று கேட்பாள். உள்ளேயிருந்து யாராவது "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும், பாதித் தூக்கத்தில் ஒரு பிள்ளை சொன்னாலும் போதும், சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விழும். கடலுக்குப் போனவன் வீட்டில் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது, ஆகவே தாழ்ப்பாள் போடக்கூடாது. கதவைச் சும்மா சாத்தி வைப்பார்கள், வந்தவன் தள்ளினால் திறக்கிற மாதிரி. ஒருநாள், இரண்டுநாள் என்றால் சரி. ஜெசிந்தாவின் கதவு இருநூற்று நாற்பது ராத்திரி அப்படிக் கிடந்தது. தாழ்ப்பாளில் உப்புக்காற்று பட்டுத் துரு ஏறிப் பூத்தது. நடுவில் ஒருநாள் தெருநாய் உள்ளே வந்து தொட்டிலிலிருந்து பால்வாசனைத் துணியை இழுத்துக்கொண்டு போனது. அடுத்த நாள் அவள் கதவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு வைக்க, காலையில் வந்த மாமியார் மெட்டில்டா கதவைத் தள்ளி, நாற்காலி தரையில் கிறீச்சிட்டதைக் கேட்டு, அதைத் தூக்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மெட்டில்டா மூன்று வீடு தள்ளித் தனியாக இருந்தாள். கருவாடு காயப்போடுகிற கை, பேச்சும் அப்படித்தான், உப்புப் போட்டுக் காய்ந்த பேச்சு. அந்தச் சத்தம் வர ஆரம்பித்த பிறகு அவள் தினமும் சாயந்தரம் வந்து, சாத்தியிருந்த கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்து, படியில் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"தெருமுனைக்கு வந்துட்டாம்ட்டி அவன். இனி கதவு சாத்திக்கூட இருக்கப்படாது."

பயம் என்பது என்னவென்று தெரியவேண்டுமானால், பால் குடிக்கிற பிள்ளையோடு திறந்த கதவுக்கு நேரே படுத்துப் பார்க்க வேண்டும். ஜெசிந்தா பிள்ளையைச் சுவரோரம் போட்டு, தான் இந்தப் பக்கம் படுத்து, முந்தானை நுனியைப் பிள்ளையின் காலில் கட்டிக்கொண்டு, கண் மூடாமல் கிடந்தாள். பால் வற்றிக்கொண்டே வந்தது. பகலில் நின்றபடியே தூங்கினாள், ஒருதடவை பிள்ளையைக் குளிப்பாட்டும்போதே கண் சொக்கி, பிள்ளையின் தலை தண்ணீரில் முங்கப்போகிற நேரம் அதுதான் வீறிட்டு அவளை எழுப்பியது. கதவை அடைத்தால் அவன் செத்துப்போனான் என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அடைக்காவிட்டால் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்கு முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஒரு நிமிஷம்தான் கண் அசந்திருப்பாள், விழித்தபோது பிள்ளையின் தலைமாட்டில் யாரோ நின்றார்கள். சட்டென்று பிள்ளைமேல் கையைப் போட்டாள். நின்றது ஒரு பொம்பிளை, ஜெசிந்தா வயசுதான் இருக்கும், ஈரச் சேலை, கையில் ஒரு எவர்சில்வர் சொம்பு.

"பயப்படாதீங்கக்கா. கதவு தொறந்து கெடந்துச்சு," என்றாள் அவள். "நான் அடுத்த துறை. எங்க வீட்டுக்காரரும் வரல. இந்தச் சொம்ப இங்கன வச்சா கேக்குமான்னு பாக்க வந்தேன். பிள்ள முழிச்சிக்கிடுச்சு, அதான் தட்டிக்குடுத்தேன்."

ஜெசிந்தா அவளுக்குக் கட்டன்காப்பி போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் சொம்பை நடுவில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள், சொம்பு வாயைத் திறக்கவில்லை. அவள் போன பிறகு ஜெசிந்தா பிள்ளையை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். இன்றைக்குச் சொம்போடு வந்தாள். நாளைக்கு எதோடு யார் வருவார்கள்?

காலையில் தாழ் போட்டுக்கொள்ளட்டுமா என்று மாமியாரிடம் கேட்டாள். கேட்டாள் என்பதைவிடக் கும்பிட்டாள்.

"நீ தாழ் போட்டா என்ன அர்த்தம் தெரியுமாட்டி?" என்றாள் மெட்டில்டா, கருவாட்டைத் திருப்பிப்போட்டபடி. "வாசல்ல நிக்கவனப் போன்னு சொன்ன மாதிரி. படிச்சவதான நீ."

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்றது. படித்தவள்தான். அன்று சாயந்தரம் சத்தம் வந்தபோது படியில் மெட்டில்டா, மதிலோரம் ரெஜினாக்கா, தெருவில் மற்றவர்கள் எல்லாரும் வழக்கம்போல் கடலைப் பார்த்துத் திரும்பினார்கள். ஜெசிந்தா பிள்ளையைப் பார்த்தாள். ஆறு மாதப் பிள்ளைக்குக் கதை தெரியாது, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதும் தெரியாது, சத்தம் எங்கேயிருந்து வருகிறதோ அங்கே தலையைத் திருப்பும், அவ்வளவுதான். இனிகா குடத்தைப் பார்த்தாள். பிறகு மதிலுக்கு அப்பால் கொப்பரை இருக்கும் பக்கம் பார்த்தாள். பிறகு மூன்று வீடு தள்ளி மெட்டில்டாவின் தவலை இருக்கும் பக்கம் தலையைத் திருப்பினாள். வாசலை ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

ஜெசிந்தாவுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. கான்வென்டில் இயற்பியல் அறையில் நீளமான மரப்பெட்டி ஒன்று இருக்கும், அதன்மேல் ஒரே ஒரு கம்பி, சுரமானி என்று பேர். கம்பிமேல் குட்டிக் காகிதத் துண்டுகளைச் சவாரிபோல உட்காரவைத்து, ஒத்த சுரமுள்ள இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் ஊன்றினால், யாரும் தொடாமலே காகிதம் துள்ளி விழும். கம்பி ஒன்றுதான், ஆனால் மீட்டினால் முழுசாக ஒரு சுரம் பாடும், அதே நேரம் பாதிபாதியாக நின்று இரண்டு மடங்கு வேகத்தில் பாடும், மூன்றில் ஒரு பங்காக நின்று மூன்று மடங்கில் பாடும், நாலாக, ஐந்தாகப் பாடும். கேட்கிறவர்களுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே குரல்.

அடுத்த நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போய் ஒவ்வொரு பாத்திரத்தையும் சுண்டிக் கேட்டு, அந்தச் சுரத்தை வாயிலேயே முனகிக்கொண்டு கோயிலுக்கு ஓடி சலேத்தின் ஆர்மோனியத்தில் கட்டையைத் தேடினாள். பத்தொன்பது வீட்டுக்கும் சேர்த்து நாலே நாலு சுரம்தான் இருந்தது, மற்றதெல்லாம் அதே சுரங்கள் திரும்ப வந்தவை. அவள் குடம் ச. கொப்பரை ப. மெட்டில்டாவின் தவலை மேல் ச. ஞானஸ்நானக் கிண்ணம் அதற்கும் மேலே க.

"நம்ம கஸ்பார் எதுல மொனங்குனான்?" என்றார் சலேத்.

ஜெசிந்தா கீழ் ச-வை அழுத்தினாள். அதேதான். தெருமுனையில் ஆரம்பித்து வாசல்வரை வரும் அதே சுரம்.

"அது யாரு வீட்டுப் பாத்திரம்?"

"எந்த வீட்லயும் இல்லண்ணே," என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது.

அந்தக் கீழ் ச முழுக் கம்பி என்றால், குடத்தின் ச அதில் பாதி, கொப்பரையின் ப மூன்றில் ஒன்று, தவலை நாலில் ஒன்று, கிண்ணம் ஐந்தில் ஒன்று. முழுசு இல்லை. அவளுக்கு அப்போது இயற்பியல் எடுத்த சிஸ்டர் ஒருதடவை போகிற போக்கில் சொன்னது ஞாபகம் வந்தது: போனுக்குள் இருக்கிற ஒலிபெருக்கி சின்னது, ஆம்பிளைக் குரலின் அடிச்சுரத்தை அதனால் எழுப்பவே முடியாது, மேலே இருக்கிற பங்குகளை மட்டும்தான் அனுப்புகிறது, அடியில் இருக்க வேண்டியதைக் காது தானாகப் போட்டுக்கொள்கிறது. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே நாலு மாதம் கஸ்பார் அவளோடு போனில்தான் பேசினான். எவ்வளவு ஆழமான குரல் என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த ஆழம் முழுக்க அவள் போட்டது.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. "எல்லாப் பாத்திரத்தையும் நம்ம வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சா சத்தம் கூடும்லா மாமி" என்றாள், அதில் பொய் இல்லை, ஆனாலும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய மாதிரிதான் இருந்தது. மெட்டில்டாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது இன்னும் அதிகமாக இருந்தது.

சாயந்தரம் மெட்டில்டா தவலையை இடுப்பில் சுமந்து வந்தாள். ரெஜினாக்கா கொப்பரையை. சலேத் கிண்ணத்தை, சாமியாரிடம் கேட்காமல், துண்டில் சுற்றி. குடம் ஏற்கெனவே இருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. மற்ற வீட்டுப் பாத்திரங்களெல்லாம் அன்று ஜெசிந்தா கேட்டுக்கொண்டபடி தண்ணீர் நிரப்பி மூடிவைக்கப்பட்டிருந்தன. மணி அடித்து ஓய்ந்தது, இருட்டு வந்தது, நாலு பாத்திரமும் நடுங்க, கஸ்பார் வீட்டு நடுவில் முனகினான். அவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. மெட்டில்டா கையை நீட்டினாள், தொட ஏதோ இருக்கிற மாதிரி.

"சலேத்தண்ணே, கிண்ணத்துல கைய வைங்க," என்றாள் ஜெசிந்தா.

கை பட்டதும் கிண்ணம் அடங்கியது. முனகல் கொஞ்சம் மெலிந்தது, போகவில்லை.

"மாமி, தவலைய."

"எதுக்குட்டி?"

"ஒரு நிமிசம் மாமி."

தவலை அடங்கியது. இன்னும் அவன் இருந்தான், மதிலுக்கு அந்தப் பக்கம் போனவன் மாதிரி. ஜெசிந்தா தானே கொப்பரையைத் தொட்டாள். சட்டென்று அவன் இல்லை. ஒரு பித்தளைக் குடம் மட்டும் பித்தளைக் குடம்போல ஒலித்துக்கொண்டிருந்தது.

"கைய எடு," என்றாள் மெட்டில்டா. பிறகு, ஊரில் யாரும் அவளிடம் கேட்டிராத குரலில், "ஏட்டி, கைய எடுட்டி. எம் புள்ள எங்க?"

எல்லாரும் கையை எடுத்தார்கள், அவன் வந்தான். மெட்டில்டா தரையில் முழந்தாளிட்டுக் குடத்தில் காதை வைத்தாள், அதில் இல்லை. கொப்பரையில் வைத்தாள், இல்லை. தவலையில், கிண்ணத்தில். எழுந்து வாசலுக்குப் போய் இருட்டுக்குள் தலையை நீட்டிக் கேட்டாள், அங்கே கடல்தான் இருந்தது. திரும்பி வந்தாள்.

"பின்ன எங்கன இருந்துட்டி வாரான்?"

ஜெசிந்தா அவள் கிட்டே போனாள். "குடம் அவுகள்ல பாதியச் சொல்லுது. கொப்பரை மூணுல ஒண்ணு. ஒங்க தவலை கால்வாசி. எல்லாரும் அவுகவுக பங்கச் சொல்லுதாக மாமி. அத்தனையும் கூடுறப்ப, அடியில இருக்க வேண்டியது இன்னதுன்னு நம்ம காதே போட்டுக்கிடுது. அவுக வெளிய இல்ல. தெருமுனையிலயும் இல்ல. இந்தா, இங்கதான் இருக்காக." அவள் மாமியாரின் காதுமடலைத் தொட்டாள். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவள் அந்த முகத்தைத் தொட்டது அதுதான் முதல்.

"நாலுபேரு கூடி ஒருத்திய புறணி பேசுனா அவளே நடுவுல வந்து உக்காந்த மாதிரி இருக்கும்லா," என்றாள் ரெஜினாக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டு. "அது மாதிரியா?"

"அது மாதிரிதான்க்கா."

முனகல் ஓய்ந்தது. மெட்டில்டா தவலையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"கஸ்பாரோட அப்பா போய் இருவத்திரண்டு வருசம். எங் கதவுல தாழ்ப்பாள் இருந்த எடத்துல இப்ப ஆணிதான் இருக்கு. ஒருநாளும் ஒரு சத்தம் கேட்டதில்ல. நாய்தான் வந்துச்சு. நெதம் நாய்தான் வந்துச்சு." பிறகு, "நானும் பயந்தேம்ட்டி. கஸ்பாருக்கு அப்ப மூணு வயசு. யாருகிட்ட சொல்ல?"

அவள் தவலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரியும் கதவு திறந்துதான் கிடந்தது, ஜெசிந்தா முந்தானையைப் பிள்ளையின் காலில் கட்டிக்கொண்டுதான் கிடந்தாள்.

மறுநாள் மணி அடித்து ஓய்ந்தபோது மெட்டில்டா வந்தாள். ஒரு கக்கத்தில் சுருட்டிய பாய், இடுப்பில் தவலை, பின்னாலே ஒரு பொடியன் தலையில் அந்த நாற்காலி. பொடியனை அனுப்பிவிட்டு, தவலையைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்து, பாயைச் சுவரோரம் போட்டு, நாற்காலியில் ஏறித் தாழ்ப்பாளுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, அம்மிக்குழவியால் இரண்டு தட்டுத் தட்டினாள். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. இறங்கி, கதவின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சாத்தினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ரெஜினாக்காவின் வீட்டில் பேச்சுச் சத்தம் நின்றது. அங்கேயும் காது வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மெட்டில்டா தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இருட்டு ஏறியது. ஜெசிந்தா முந்தானை நுனியைப் பிள்ளையின் காலில் கட்டினாள்: கதவடைத்த வீட்டுக்குள் கேட்காவிட்டால்?

குடம் நடுங்கியது. தவலை நடுங்கியது. மதிலுக்கு அப்பால் கொப்பரையும், தூரத்தில் கோயிலில் கிண்ணமும் தங்கள் பங்கைச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த "ம்ம்ம்" வந்தது, தாழ்ந்து, ஏறாமல் இறங்காமல், சாத்தின கதவால் ஒரு இம்மிகூடக் குறையாமல். இனிகா குடத்தைப் பார்த்தாள், தவலையைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"எல்லாரும் உள்ள வந்தாச்சா?" என்று கேட்டாள் மெட்டில்டா.

ஜெசிந்தா பிள்ளையின் காலிலிருந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"வந்தாச்சு மாமி."

தாழ்ப்பாள் விழுந்தது.